பேர் வெட்டுகிற அக்கா

அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. கேட்காமல் ஒருவருடைய பெயரை எதிலும் போடக் கூடாது என்பது அவர் கொள்கை. கேட்கலாம் என்றால் இன்று அவர் இல்லை. ஆகவே அக்கா என்றே சொல்கிறேன். தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே கூரைக்கு அடியில் வரிசையாகக் குடியிருந்த நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம்.

நான் றொசல்லப் பக்கம் ரயில் சத்தம் கேட்டு வளர்ந்தவள். கல்யாணமாகி ராகலைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்துக்கு வந்தபோது இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். எங்கள் வெள்ளைக்காரத் துரை மட்டும் பங்களாவில் அப்படியே இருந்தார். நாங்கள் குடியிருந்த காம்பராவுக்கு அடுத்தது அக்காவுடையது. நடுச்சுவர் கூரை வரை போகாது. வந்த புதிதில் அந்தப் பக்கமிருந்து எதையோ பொறுமையாகச் சுரண்டுகிற சத்தம் கேட்கும். எலி என்று நினைத்துக்கொண்டு மாமியாரிடம் சொன்னேன். "எலி இல்ல, அடுத்த வீட்டுக்காரி. அவளுக்குக் கட்டைய கையில எடுத்தா ஒலகம் மறந்துபோயிரும்," என்றார் மாமியார்.

பகலில் அக்காவும் எங்களைப் போலக் கொழுந்து எடுக்கிறவர்தான். வேலை விட்டு வந்து முகம் கழுவியதும் வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்துவிடுவார். பழைய தேயிலைச் செடிகளைத் தூரோடு பிடுங்கிவிட்டுப் புதுக்கன்று நடுகிற காலம் அது. பிடுங்கிப் போட்ட தூர் எங்களுக்கெல்லாம் அடுப்பெரிக்கிற விறகு. அக்கா அதில் அகப்பையைப் பார்ப்பார், வெற்றிலைப் பெட்டியைப் பார்ப்பார், தொட்டில் சேலையை விரித்துப் பிடிக்கிற கம்பைப் பார்ப்பார். செடி வெட்டித் தேய்ந்துபோன கவ்வாத்துக் கத்தி ஒன்று, தட்டிக் கூராக்கிய ஆணி ஒன்று, மழமழப்பாக்க உடைந்த கண்ணாடித் துண்டு. அவ்வளவுதான் ஆயுதம். செய்து முடித்த சாமானில் யாருக்கு உரியதோ அவர் பெயரை வெட்டுவார். வெட்டிய எழுத்தின் மேல் காய்ச்சிய குடைக்கம்பியை இழுத்தால் எழுத்து கறுத்து எழும்பும். கடைசியில் தேயிலைத் தூளைச் சுண்டக் காய்ச்சிய சாயம், அதன்மேல் தேங்காய் எண்ணெய்.

தோட்டத்தில் 'பேர் வெட்டுவது' என்றால் வேறு அர்த்தம். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் பிந்தி வந்தாலோ, கொழுந்து குறைந்தாலோ கணக்கப்பிள்ளை அன்றைய பேரை வெட்டிவிடுவார். அன்றைக்குச் செய்த வேலைக்குச் சம்பளம் கிடையாது. அதனால் அக்காவை வைத்து ஒரு கேலி உண்டு. "நம்ம தோட்டத்துல ரெண்டு பேரு பேர் வெட்டுறாங்க. ஒருத்தரு வெட்டுனா அழுவோம், ஒருத்தரு வெட்டுனா சிரிப்போம்," என்பார்கள்.

அவர் வீட்டுக்காரருக்கு ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், கொழுந்து அரைக்கிற பகுதியில் வேலை. அதிகம் பேசாத மனிதர். அக்கா கட்டையோடு உட்கார்ந்துவிட்டால் அவர் ரொட்டி தட்டிப் போட்டு, சம்பல் அரைத்து, தட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். ஆம்பிள்ளை அடுப்படியில் நிற்பதைப் பார்த்து வாலிபர்கள் நையாண்டி செய்தால், "நா அவளாட்டம் பேர் வெட்டுவேன்னா அவ ரொட்டி சுடுவா. எனக்கு வராதுல்ல," என்பார். கொழுந்துக் காசு வயிற்றுக்கு, கட்டைக் காசு மகளுக்கு என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். மகள் நுவரெலியாவில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் லயத்திலிருந்து அப்படிப் போன முதல் பெண் அவள்.

அக்காவிடம் ஒரு சாமான் செய்து வாங்குவது லேசான காரியம் இல்லை. கேள்வி கேட்பார். மேல் லயத்து வாலிபன் ஒருவன் ஒருநாள் வந்து, ஒரு சீப்பு செய்து அதில் ராசாத்தி என்று வெட்டித் தரச் சொன்னான்.

"ராசாத்தி யாரு? ஒங்க தங்கச்சியா?"

"இல்லைங்க்கா. நம்ம ஸ்டோருக்குக் கீழ இருக்காங்கல்ல, அவங்க."

"அந்தப் புள்ளைக்குத் தெரியுமா?"

"குடுத்தா தெரிஞ்சிரும்ங்க்கா."

"அப்புடின்னா இப்ப சீப்பு மட்டும் செய்யிறேன். பேரு வேணும்னா அந்தப் புள்ளைய வந்து சொல்லச் சொல்லு."

அவன் முகம் விழுந்துவிட்டது. பெயர் இல்லாத சீப்பை வாங்கிக்கொண்டு போனான். வெகுநாள் கழித்து ராசாத்தியே அந்தச் சீப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். தரையைப் பார்த்தபடி, "இதுல எம்பேரு போடணும்ங்க்கா," என்றாள். அக்கா அவள் முகத்தை நிமிர்த்திப் பார்த்துவிட்டுத்தான் கத்தியை எடுத்தார். அவர்கள் கல்யாணத்துக்கு அக்கா போனபோது மாப்பிள்ளை காலில் விழுந்தான்.

இன்னொரு தடவை காய்கறி லொறி ஓட்டுகிற சிங்களவர் ஒருவர் வந்தார். சிவனொளிபாத மலைக்குப் போகத் தன் தாய்க்கு ஊன்றுகோல் வேண்டும், அதில் தாயின் பெயர் சிங்களத்தில் இருக்க வேண்டும் என்றார். கரித்துண்டால் எழுதியும் கொடுத்தார். அதைப் பார்த்து அப்படியே வெட்டியிருக்கலாம். அக்கா மாட்டேன் என்றார். "எனக்கு வாசிக்கத் தெரியாதத நா எப்புடி வெட்டுறது? ஒங்க அம்மா பேருதான்னு எனக்கு எப்புடித் தெரியும்?" அந்த மனிதர் சிரித்துக்கொண்டே சாக்கில் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தார். அக்கா திரும்பத் திரும்ப வாசித்துக் காட்டிவிட்டு வெட்டினார். மொழியை வைத்து ஊரெல்லாம் முறைத்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்தத் தாய் மலை ஏறி இறங்கிய பிறகு எங்கள் லயத்துக்கு ஒரு கூடை கரட்டும் லீக்ஸும் வந்தன.

ஏன் இப்படி என்று நான் கேட்டிருக்கிறேன். "கடுதாசியில எழுதுனா கிழிச்சுப் போடலாம். சொன்னா இல்லன்னு சொல்லலாம். மரத்துல வெட்டுனது நிக்கும் புள்ள. நிக்கிறது நெஜமா இருக்கணும்ல," என்றார். அவ்வளவுதான் விளக்கம்.

அந்த நிஜம் என்னிடமும் ஒருநாள் வந்தது. என் முதல் குழந்தை காமாட்சிக்கு அக்காதான் தொட்டில் கம்பு செய்தார். பல் முளைக்கிற பருவத்தில் காய்ச்சல் வந்து குழந்தை போய்விட்டாள். மறுபடி நான் முழுகாமல் இருந்தபோது, அந்தக் கம்பை எரிக்கவும் மனமில்லாமல், பெயரோடு வைத்திருக்கவும் பயந்து, பெயரை மட்டும் செதுக்கி எடுத்துவிடு என்று மாமியார் சொன்னார். நான் கம்பை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன்.

அவர் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். எழுத்தை விரலால் தடவினார்.

"காமாட்சி பொறந்தா. இருந்தா. எங்கையப் புடிச்சுக் கடிச்சா. இதுல எது பொய்யின்னு நா செதுக்குறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் தடுக்கவில்லை. நான் அழுது முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு, "ஒனக்கு வேணாம்னா புதுக்கம்பு ஒண்ணு செஞ்சு தாரேன். வேணும்னா இதுலயே இந்தப் பக்கம் எடம் இருக்கு. பொறக்கப் போற புள்ளைக்கி அதுல போடுறேன். நீதான் சொல்லணும்," என்றார்.

மீனாட்சி பிறந்ததும் அவள் பெயரை அந்தக் கம்பின் மறுபக்கம் வெட்டினார். மாமியார் சில நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு மத்தியானம் அடுப்படியில் நின்றபோது காதில் விழுந்தது. தொட்டிலை ஆட்டிக்கொண்டு மாமியார் தாலாட்டுகிறார். பாட்டில் இரண்டு பெயரும் வருகின்றன.

அக்காவுக்குச் சோதனை வந்தது அதற்குப் பிறகுதான்.

துரை சீமைக்கே திரும்பிப் போகப் போவதாகச் செய்தி வந்தது. பெரிய கங்காணி அவரோடு வெகுகாலம் பழகியவர். துரை குதிரையில் வந்த நாளிலிருந்து கூடவே நடந்தவர். துரைக்குப் பிரியாவிடைப் பரிசு கொடுக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டதில் தவறில்லை. அக்காவின் வாசலுக்கு வந்து நின்றார். அது அபூர்வம். தேயிலைக் கட்டையிலேயே ஒரு நல்ல பெட்டி வேண்டும், கூலி எவ்வளவு கேட்டாலும் தருகிறேன் என்றார். அக்காவின் கண் விரிந்ததை நான் என் வாசலிலிருந்து பார்த்தேன். மகளுக்கு அந்த வருடம் கடைசிப் பரீட்சை. கை இறுக்கமான நேரம்.

"செஞ்சிருவோம்ங்க. மூடியில என்ன வெட்டணும்ங்க?"

"தோட்டத்துத் தொழிலாளர் எல்லாரும் அன்போட கொடுத்தது. அப்புடிப் போடு. கீழ துரை பேரு."

அக்கா கையிலிருந்த ஆணியைக் கீழே வைத்தார்.

"எல்லாருமாங்க?"

"ஆமா. எல்லாருந்தான்."

"கடைசிக் காம்பராக்காரியுமா?"

கடைசிக் காம்பராவில் அப்போது ஆள் இல்லை. அதற்கு முந்தின மழைக்காலத்தில், அங்கிருந்தவளின் புருஷன் பெரட்டில் துரையை எதிர்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டான் என்று வேலையை விட்டு நிறுத்துகிற பற்றுச்சீட்டைக் கொடுத்துக் குடும்பத்தையே வெளியே அனுப்பிவிட்டார்கள். சட்டி பானையைத் தலையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளோடு மழையில் இறங்கிப் போனதை லயமே பார்த்தது. யாரும் வாய் திறக்கவில்லை. நல்லதண்ணிப் பக்கம் ஏதோ தோட்டத்தில் அண்ணன் வீட்டில் இருப்பதாகக் கேள்வி.

கங்காணியின் முகம் மாறியது. "போனவங்க கத இப்ப எதுக்கு?"

"கோவிச்சுக்காதீங்க. இருக்கறவங்களையும் யாரும் இன்னும் கேக்கலைங்க. கேட்டுட்டு, யாரு யாரு குடுக்கறாங்களோ அவங்க பேர வெட்டுறேன். இல்லேன்னா, பெரிய கங்காணி அன்போட கொடுத்ததுன்னு ஒங்க பேரப் போட்டு வெட்டித் தாரேன். அது நெஜம். எனக்குத் தெரியும்."

அது கங்காணிக்குக் கௌரவம்தான் என்று இப்போது நினைக்கிறேன். அன்றைக்கு அவருக்கு அப்படித் தெரியவில்லை. ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த அக்காவின் வீட்டுக்காரரைப் பார்த்து, "சொல்லி வையி ஒம் பொஞ்சாதிகிட்ட," என்றார்.

அவர் மாவுக் கையோடு எழுந்து நின்றார். "கத்தி அவ கையில இருக்குதுங்க. நா என்ன சொல்றது?"

கங்காணி போய்விட்டார். துரைக்கு நுவரெலியாக் கடையிலிருந்து வெள்ளித் தட்டு வந்தது. அதில் என்ன எழுதியிருந்தது என்று எங்களுக்குத் தெரியாது. மறுவாரமே அக்காவைச் செங்குத்தான மலைக்குக் கொழுந்துக்கு அனுப்பினார்கள். அங்கே எவ்வளவு பறித்தாலும் கூடை நிறையாது. அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். இன்னொரு உத்தரவுதான் அவரை உட்கார வைத்தது. தோட்டத்துக் கட்டை ஒரு குச்சிகூட அவர் காம்பராவுக்குப் போகக் கூடாது. விறகு பொறுக்கினால்கூட காவல்காரன் அவிழ்த்துப் பார்த்தான்.

நான் ஒருநாள் மனம் பொறுக்காமல், "வெட்டிக் குடுத்திருந்தா என்னக்கா? மரந்தானே?" என்று கேட்டேன்.

"கடைசிக் காம்பராக்காரிக்கும் எனக்கும் தண்ணி புடிக்கிற பீலிக்கரையில குடம் வக்கிற தகராறு. மூஞ்சி குடுத்துப் பேசி எவ்வளவோ நாளாச்சு. ஆனா அவ துரைக்கு அன்போட குடுத்தான்னு எப்புடி நா வெட்டுவேன்? சண்டக்காரியா இருந்தாலும் அவ மேல பொய்யி வெட்டலாமா?"

அப்படிச் சொன்னாரே தவிர, அவரும் கலங்கித்தான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சாக்கை விரித்து வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பார். கத்தியைத் தீட்டுவார், துடைப்பார், வைத்துவிடுவார். மகளுக்கு ஒரு கூடையும் முக்காட்டுச் சேலையும் எடுத்து வைத்ததை நான் பார்த்தேன். படிப்பை நிறுத்திக் கொழுந்துக்குக் கூட்டிப்போக வேண்டியதுதான் என்று முடிவுக்கு வந்துவிட்டார்கள். சுவருக்கு மேலாக ஒரு சாயங்காலம் அக்காவின் குரல் கேட்டது.

"தப்புப் பண்ணிட்டேனா?"

"தப்புன்னு தோணியிருந்தா நீயே இந்நேரம் போயி வெட்டிக் குடுத்திருப்ப. சாப்புடு," என்றார் வீட்டுக்காரர்.

மகள் வருகிறதற்கு முன்பே ராசாத்தி வந்துவிட்டாள். இடுப்பில் பிள்ளை, கையில் உடைந்த கட்டில் கால். "இது எங்க அப்பா கட்டிலுங்க்கா. தோட்டத்துக் கட்டை இல்ல. இவனுக்கு ஒரு நடைவண்டிக் கைப்புடி செஞ்சு பேரு போட்டுக் குடுங்க," என்றாள். காவல்காரன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கட்டில் காலைத் தடுக்க அவனுக்கு உத்தரவு இல்லை. மறுநாள் ஒருவர் முறிந்த உலக்கையைக் கொண்டுவந்தார். இன்னொருவர் தன் தகப்பன் ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டியின் மூடியை. பிறகு ஏர்த்துண்டு போல் ஒன்று, பலகை, ஆட்டுக்கல் குழவியின் மரப்பிடி. இறந்துபோனவர்கள் பிடித்த மரத்தில் பிறந்த பிள்ளைகளின் பெயர் வரத் தொடங்கியது. முன்னைவிட அதிகமாக வேலை வந்தது. கேட்டதைக் கொடுத்தார்கள். கங்காணியைப் பற்றி ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. மரத்தை மட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள்.

மகள் கூடையைத் தூக்கவில்லை. பரீட்சை எழுதினாள். பின்னாளில் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கே பாடம் சொல்லித்தர வந்தாள்.

புதுத் துரை வந்து, கங்காணியின் கை ஓய்ந்து, உத்தரவும் தானாக மறந்துபோன பிறகு, மாரியம்மன் திருவிழா சமயத்தில் ஒருத்தி லயத்து வாசலில் வந்து நின்றாள். இளைத்துக் கறுத்துப் போயிருந்தாள். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. கடைசிக் காம்பராக்காரி. நல்லதண்ணியிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருக்கிறாள். கையில் சின்னப் பலகை ஒன்று, உட்கார்ந்து கறி அரிகிற அளவுக்கு.

"நல்லாருக்கியா?" என்றாள்.

"இருக்கேன். நீ?"

"இருக்கேன்."

அக்கா சாக்கில் இடம் ஒதுக்கினார். அவள் உட்கார்ந்தாள். 

"அன்னைக்கிப் பீலியில எங்கொடந்தான் மொதல்ல இருந்துச்சு," என்றாள் அவள்.

"இல்ல. எங்கொடந்தான்."

"ஒனக்கு அந்த வாயி இன்னும் போகல."

"ஒனக்கு மட்டும் போச்சா?"

எனக்குப் பயமாகிவிட்டது. தேத்தண்ணி போடுகிற சாக்கில் உள்ளே போய், கதவோரம் நின்றேன்.

"எனக்காகப் பெரிய கங்காணிகிட்ட மல்லுக்கு நின்னியாமே. அங்க வரைக்கும் சொல்லிக்கிட்டாங்க."

"ஒனக்காக இல்ல."

"தெரியும். அதான் வந்தேன்."

அக்கா கையை நீட்டினார். பலகையை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"என்ன போடணும்?"

"எம்பேருதான். அந்தத் தோட்டத்துல என்னய யாரும் பேரு சொல்லிக் கூப்புடுறதில்ல. ராகலைக்காரி, ராகலைக்காரின்னே கூப்புட்டுப் பழகிட்டாங்க. எனக்கே மறந்துரும் போலருக்கு."

அக்கா அன்றைக்குத் திருவிழா பார்க்கக் கோயிலுக்குப் போகவில்லை. மேளச் சத்தம் மேலே கேட்டுக்கொண்டிருக்க, இருந்து வெட்டினார். அவ்வளவு ஆழமாக அவர் எழுத்து வெட்டி நான் பார்த்ததில்லை. அவள் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தும் வருவதைப் பார்த்தபடியே இருந்தாள். சாயம் காய்ந்ததும் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கூலியை நீட்டினாள். வாங்க மாட்டார் என்று நான் நினைத்தேன். அக்கா வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு என்னிடம் சொன்னார்: "சண்டக்காரிக்குச் சும்மா குடுத்தா அது வேசம் புள்ள. அவளுக்கும் அது புடிக்காது."

சாயங்காலம் பஸ்ஸுக்கு ரோட்டு வரை அவளோடு இறங்கினோம். குறுக்குப் பாதையில் அவள் முன்னால் நடக்க, அக்கா பின்னால் நடந்தார். பஸ் வந்தது. அவள் பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினாள். நாமெல்லாம் வாசலைத் தாண்டுகிற யாருக்கும் பழக்கத்தில் 'போயிட்டு வா' என்று சொல்லிவிடுவோம். அக்கா வாயைத் திறந்தார், மூடினார். பஸ் கிளம்பி நகர்ந்த பிறகு இரண்டு அடி முன்னால் ஓடி, "போயிட்டு வா," என்றார்.

ஜன்னலில் அவள் தலை அசைந்தது.

திரும்பி ஏறுகையில் அக்காவுக்கு மூச்சு வாங்கியது. பாதி வழியில் நின்று, தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டார்.

"வான்னு சொன்னது வாயி தவறி இல்ல," என்றார். "யோசிச்சுப் பாத்தேன். வந்தா நல்லாத்தான் இருக்கும்."